உருக்காலையில் பிறந்த இசை: கஞ்சிக்கோட்டு ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டத்தின் கஞ்சிக்கோடு, வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து இசை ரசிகர்களுக்கும், விழாக் குழுவினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும்.

ஹெவி மெட்டல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் தெருக்களில் பிறந்த இசை. வார்ப்படச் சாலைகள், தகடு வெட்டும் பட்டறைகள், மோட்டார் உதிரிபாக ஆலைகள் என்று நகரமே உலோகத்தை நம்பி வாழ்ந்த காலம் அது. 1970 பிப்ரவரி 13 அன்று அந்நகரத்து இளைஞர்கள் நால்வர், 'பிளாக் சபாத்' என்ற தங்கள் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். டோனி அயோமி கிட்டார், கீசர் பட்லர் பேஸ் கிட்டார், பில் வார்ட் டிரம்ஸ், ஓசி ஆஸ்போர்ன் பாட்டு. ஹெவி மெட்டலின் வரலாற்றை எழுதுவோரில் பெரும்பாலோர் கதையை அந்த இசைத்தட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நால்வரும் ஆஸ்டன் என்ற பகுதிக்காரர்கள். பாடகர் ஆஸ்போர்ன் கார் ஹாரன் செய்யும் ஆலையில் ஹாரன்களின் ஒலியைச் சரிபார்க்கும் வேலையும், பிறகு இறைச்சிக் கூடத்தில் கூலி வேலையும் பார்த்தவர்.

இந்தப் பின்னணியை விளக்கக் கஞ்சிக்கோட்டில் அதிகச் சொற்கள் தேவைப்படாது. 1970-களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட், ஐ.டி.ஐ. ஆகிய பொதுத்துறை ஆலைகள் வந்தபின் பெருகிய இந்தத் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை மின் உலையில் உருக்கி, வார்த்து, கட்டடக் கம்பியாக உருட்டும் ஆலைகள் உண்டு. இராப்பணி முடிந்து வீடு திரும்புகிறவரின் காதில் உலையின் உறுமலும் உருளைகளின் இடைவிடாத அடியும் விடிந்த பிறகும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதே பர்மிங்காம் வட்டாரத்தில் வளர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ட் பேண்டின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு, பள்ளிக்கூடத்துக்கு அருகில் இருந்த உலோக ஆலையின் சம்மட்டி அடி வகுப்பறை மேசைகளை அதிரவைத்ததைப் பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பேண்டு 1980-இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. அதன் கிட்டார் கலைஞர்களில் ஒருவரான கிளென் டிப்டன், அதே பெயர்கொண்ட எஃகு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.

இந்த இசையின் குரல் எப்படி அமைந்தது என்பதற்கு அயோமியின் கை சாட்சி. பதினேழு வயதில், தகட்டுப் பட்டறையில் வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று, இயந்திரத்தில் சிக்கி அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போயின. இடக்கைக்காரரான அவர் கிட்டாரின் தந்திகளை அழுத்துவது வலக்கையால்தான். இனி வாசிக்க முடியாது என்றே எல்லோரும் சொன்னார்கள். பட்டறை மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கவைத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியபின் மீதி விரல்களால் வாசித்து உலகப் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு அது. அயோமி பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்குக் குப்பிகள் செய்தார். பிடிமானத்துக்கு அவற்றின் மேல் தோல் ஒட்டினார். கனத்த தந்திகள் வலித்ததால் மெல்லிய தந்திகளைக் கட்டினார். அதுவும் போதாமல் சுருதியையே இறக்கினார். 1971-இல் வந்த மூன்றாவது இசைத்தட்டான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யின் பல பாடல்களில் கிட்டார் வழக்கமான சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருக்கிறது. தந்தி தளர்ந்ததும் ஒலி கனத்தது, இருண்டது, நிலத்தோடு ஒட்டியது. பின்னாளில் வந்த மெட்டல் கிட்டார் கலைஞர்கள் அந்தக் கனத்தைத் தேடித்தான் சுருதியை மேலும் மேலும் இறக்கிக்கொண்டு போனார்கள்.

மெட்டல் வெறும் இரைச்சல் என்பது பரவலான குற்றச்சாட்டு. அதற்குப் பதில் அந்த இரைச்சலின் உள்ளமைப்பில் இருக்கிறது. கிட்டாரின் மின் சமிக்ஞையை ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் ஒலியலையின் உச்சிகள் மழுங்குகின்றன. மழுங்கிய அலையில் மூல ஒலியோடு அதன் மடங்குகளான மேல் ஒலிகளும் ஏராளமாகச் சேர்கின்றன. இதற்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். இப்படி ஏற்றிய கிட்டாரில் பல சுரங்களை ஒரே நேரத்தில் மீட்டினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். கலங்காமல் திடமாக நிற்கும் சேர்க்கை ஆதார சட்ஜமும் பஞ்சமமும். மெட்டல்காரர்கள் அதைப் பவர் கார்டு என்கிறார்கள். தம்புராவைச் சுருதி சேர்க்கும் கைகளுக்கு அது முன்பே தெரிந்த சேர்க்கை. தம்புரா அந்தச் ச-பவைப் பின்னணியில் அமைதியாக விரிக்கிறது. மெட்டல் கிட்டார் அதே ச-பவை முன்னால் நிறுத்தி, வலக்கை விளிம்பால் தந்தியை அமுக்கி, கட்டை கட்டையாக வெட்டி அடிக்கிறது. அப்படி வெட்டி அடிக்கப்படும், திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்கட்டுதான் ரிஃப். மெட்டல் பாடல் ஒன்றில் பல்லவியின் இடம் ரிஃபுக்கு உரியது. பாட்டு வரும், போகும். ரிஃப் நிலைத்து நிற்கும்.

சுரங்களின் தேர்விலும் பாலக்காட்டுக் காதுக்கு அந்நியமான ஒன்றும் இல்லை. பிளாக் சபாத்தின் முதல் பாடல் மூன்றே சுரங்களில் தொடங்குகிறது: கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்யமம். ஐரோப்பிய இசை மரபில் சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடைப்பட்ட அந்த இடைவெளி வெகுகாலம் அமைதியற்றதாகவே கருதப்பட்டு வந்தது. கர்நாடக இசையிலோ 72 மேளங்களில் சரிபாதி, 37 முதல் 72 வரை, பிரதி மத்யம மேளங்கள். சுபபந்துவராளியைக் கேட்டுக் கண் கலங்கத் தெரிந்த ரசிகருக்கு அந்த மூன்று சுரங்களின் கலக்கம் உடனே பிடிபடும். மெட்டல் ரிஃப்களில் அடிக்கடி வரும் சுர வரிசைகளில் ஒன்று நம்முடைய அனுமத்தோடி மேளத்தின் சுரங்களைக் கொண்டது. இன்னொன்று வகுளாபரணத்தின் சுரங்களைக் கொண்டது. கீழைநாட்டுச் சாயல் வேண்டும் என்று கலைஞர்கள் நாடும் மற்றொன்று, குழந்தைகள் சரளி வரிசை பயிலும் மாயாமாளவகௌளையின் சுரங்களையே கொண்டது. சுரங்கள் ஒன்றாக இருப்பதால் இசையும் ஒன்றாகிவிடாது. ராகம் கமகத்தில் உயிர்க்கிறது, மெட்டல் அடியின் கனத்தில் உயிர்க்கிறது. ஆனாலும் தோடியை அறிந்த காது இங்கே முற்றிலும் இருட்டில் நிற்காது.

தாளத்தில் இந்த நெருக்கம் இன்னும் கூடுதல். நெம்மாறை வல்லங்கி வேலா விழாவிலும் எத்தனையோ கோயில் உற்சவங்களிலும் செண்டைக்கு முன் மணிக்கணக்கில் நின்று பழகிய மக்கள் இந்த வட்டாரத்தார். பஞ்சாரி மேளம் 96 அட்சரம் கொண்ட பதிகாலத்தில் ஆற அமரத் தொடங்கி, 48, 24, 12 என்று சுருங்கி, 6 அட்சரத்தில் உச்சம் தொடுகிறது. மெட்டல் ஒரே மேடையில் ஒரே இரவில் இப்படி ஏறி இறங்குவது குறைவு. அதன் ஒவ்வொரு கிளையும் அந்தக் கால வரிசையில் தனக்கென ஓரிடத்தைப் பிடித்து அங்கேயே குடியிருக்கிறது என்று சொல்லலாம்.

பதிகாலத்தில் குடியிருப்பது டூம் மெட்டல். பிளாக் சபாத்தின் மெதுவான பாடல்களிலிருந்து நேராக இறங்கியது. ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு இதன் அடையாளக் கல். ஒரு ரிஃபுக்கும் அடுத்த ரிஃபுக்கும் நடுவே கேட்பவர் மூச்சு விட்டு முடித்துவிடலாம். அந்த நிதானத்தில் துக்கம் குவிகிறது.

மத்திம காலத்தில் நிற்பது பழைய மரபு. ஜூடாஸ் பிரீஸ்ட், லண்டனின் அயர்ன் மெய்டன் ஆகியோர் இரண்டு கிட்டார்களை இணை வழியில் பாடவைத்தார்கள். 1975-இல் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய அயர்ன் மெய்டனின் பாடல்களில் குதிரைப் பாய்ச்சல் போன்ற ஒரு நடை ஓயாமல் கேட்கும். அதை ஓட்டுவது ஹாரிஸின் விரல்கள். மெட்டலுக்குப் புதிதாக வருகிறவருக்கு இந்த வாசல்தான் அகலமானது. இதே வாசலிலிருந்து பிரிந்து, உயர்ந்த குரலும் வீரக் கதைகளுமாகப் போனது பவர் மெட்டல். ஜெர்மனியின் ஹெலோவீன் அதன் முன்னோடி.

வேகம் கூடிய இடம் அமெரிக்கா. 1981-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய மெட்டாலிக்கா, அதன் தோழர்களான ஸ்லேயர், மெகாடெத், கிழக்குக் கரையின் ஆந்த்ராக்ஸ் ஆகிய நால்வர் அணி த்ராஷ் மெட்டலை உருவாக்கியது. 1986 இந்தக் கிளையின் பொன்னாண்டு. மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' போதைப் பழக்கம் ஒருவனைப் பொம்மையாக ஆட்டிவைப்பதைப் பாடிற்று. போர்க்களத்தில் வீணாகும் சிப்பாயையும் பாடிற்று. அதே ஆண்டில் வந்த ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' பத்துப் பாடல்களை ஏறத்தாழ 29 நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அதில் டேவ் லொம்பார்டோ வாசித்த டிரம்ஸ், வேகத்திலும் சொல் தெளிவு குலையாத கைக்கு உதாரணம். பிரேசிலின் செபுல்துரா இதே கிளையில் வளர்ந்து, 1996-இல் 'ரூட்ஸ்' இசைத்தட்டுக்காகத் தம் நாட்டின் ஷவாந்தே பழங்குடியினரிடம் போய் அவர்களோடு சேர்ந்து பாடிப் பதிவு செய்தது. சொந்த மண்ணின் பறையைக் கிட்டாரோடு சேர்க்கலாம் என்று மூன்றாம் உலகத்து பேண்டுகளுக்குத் தைரியம் தந்த பதிவு அது.

த்ராஷிலிருந்து மேலும் ஒரு காலம் ஏறினால் டெத் மெட்டல். ஃபுளோரிடாவில் 'டெத்' என்ற பேண்டை நடத்திய சக் ஷுல்டினர், 1987-இல் வந்த முதல் இசைத்தட்டில் ரத்தமும் சவமுமான பாடல்களோடு தொடங்கினார். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. அடுத்த பத்தாண்டில் அவருடைய இசை சிக்கலாகிக்கொண்டே போனது. பாடல்கள் மனித மனத்தையும் வஞ்சனையையும் மரண பயத்தையும் ஆராயத் தொடங்கின. 1995-இல் வந்த 'சிம்பாலிக்' அந்தப் பயணத்தின் கனிந்த நிலை. 2001-இல் புற்றுநோயால் அவர் இறந்தபோது வயது 34. ஒரு கலைஞன் தன் கலையோடு சேர்ந்து முதிர்வதைக் காண விரும்புகிறவர் டெத் பேண்டின் ஏழு இசைத்தட்டுகளையும் வரிசையாகக் கேட்பது நலம். இந்தக் கிளையில் டிரம்ஸ் கலைஞரின் இரண்டு கால்களும் இரண்டு பெடல்களில் ஓடுகின்றன. கைகள் ஸ்நேரையும் சிம்பலையும் ஒரே சீரில் பொழியும் அடிக்குப் பிளாஸ்ட் பீட் என்று பெயர். மேளம் உச்சம் தொடும்போது இலத்தாளமும் செண்டையும் ஒரே ஒலிச்சுவராகிவிடும் கணத்தை நினைத்துக்கொண்டால் பிளாஸ்ட் பீட் விளங்கும்.

கணக்கை விரும்புகிறவர்களுக்கு ஸ்வீடனின் மெஷுக்கா. புரோக்ரஸிவ் மெட்டல் எனப்படும் கிளையில், பெர்க்லீ இசைக் கல்லூரியில் மாணவர்களாக இருந்தபோது மூவர் தொடங்கிய ட்ரீம் தியேட்டர் உள்ளிட்ட பலர் இருந்தாலும், தாளத்தை மெஷுக்காபோல் அலசியவர்கள் குறைவு. 1998-இல் வந்த 'நியூ மில்லேனியம் சயனைட் கிரைஸ்ட்' பாடலில் கிட்டார் ரிஃபின் நீளம் 23 சிற்றளவு. டிரம்ஸ் கலைஞரின் கையோ நான்கு எண்ணிக்கைத் தாளத்தைச் சுற்றுக்கு 16 சிற்றளவாக விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. ரிஃப் ஐந்து முறை வந்தால் 115. மீதம் 13-ஐச் சேர்த்தால் 128. அதாவது, தாளத்தின் எட்டுச் சுற்று முடியும் இடத்தில் இரண்டும் சமத்தில் சந்திக்கின்றன. கோர்வை வைத்துத் தீர்மானம் கட்டுகிற மிருதங்கக்காரர் இதைக் கேட்டால் காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை, விரலிலேயே எண்ணிவிடுவார். பாலக்காடு மணி ஐயரின் ஊர்ப்பெயரைச் சுமக்கும் இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட விரல்களுக்குப் பஞ்சமில்லை. மெஷுக்காவின் வழியில் எட்டுத் தந்தி கிட்டாரோடு இன்று உலகெங்கும் இளைஞர்கள் வாசிக்கும் பாணி ஜென்ட் எனப்படுகிறது. இந்தியாவில் இந்தப் பாணி வேகமாக வேரூன்றியதில் தாளக் கணக்கில் ஊறிய காதுகளுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

குரலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் மெட்டலை விட்டு ஓடுவது குரலைக் கேட்டுத்தான். உறுமல் குரல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவதல்ல. உண்மைக் குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண்களை அதிரவைத்து, வயிற்றிலிருந்து மூச்சை அளந்து தள்ளி எழுப்பப்படுவது. முறையாகப் பயின்றவர்கள் இரவு முழுக்க உறுமிவிட்டு மறுநாள் மீண்டும் உறுமுகிறார்கள். பயிலாமல் கத்துகிறவர்களின் குரல் கெட்டுவிடலாம். அமெரிக்காவில் மெலிசா கிராஸ் என்ற ஆசிரியை இதைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறார். இது ஆண்களின் தனிச்சொத்தும் அல்ல: ஆர்ச் எனமி பேண்டில் ஆஞ்செலா கோசோவும், உக்ரைனின் ஜிஞ்சர் பேண்டில் தாத்யானா ஷ்மைலுக்கும் உறுமலில் பெயர் பெற்றவர்கள். கதகளியில் கத்தி, தாடி வேடங்கள் திரைச்சீலைக்குப் பின்னிருந்து அலறும்போது அரங்கில் யாரும் அதை அபசுரம் என்று எழுந்து போவதில்லை. பாத்திரத்தின் சீற்றம் அங்கே குரலாகிறது என்று எல்லோருக்கும் தெரியும். உறுமல் குரலும் அப்படி ஒரு வேடத்தின் குரல்.

மெட்டலின் பாடுபொருளில் மரணம், போர், நோய், நரகம் எல்லாம் உண்டு. இதைச் சொல்லி அதை ஒழுக்கக் கேடு என்று விலக்குகிறவர்கள் நம்மிடையே மட்டுமல்ல, அது பிறந்த நாடுகளிலும் இருந்தார்கள். ஒளிக்கக் கூடாத ஓர் அத்தியாயமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நார்வேயின் பிளாக் மெட்டல் வட்டத்தைச் சேர்ந்த சிலர் பழம்பெரும் மரத் தேவாலயங்களுக்குத் தீவைத்தார்கள், கொலைகளும் நடந்தன. அவை குற்றங்கள், இசை அவற்றுக்கு நியாயம் ஆகாது. அந்தக் குற்றவாளிகளைக் கொண்டு ஒரு கலையையே எடைபோடுவதும் நியாயம் ஆகாது. அதே பிளாக் மெட்டல் கிளை, பனிக்காற்றைப் போன்ற கிட்டார் ஒலியால் தனிமையையும் காட்டையும் குளிரையும் வரைந்ததில் வேறெந்த இசையும் தொடாத ஓரிடத்தைத் தொட்டிருக்கிறது.

கோபமான இசை கேட்பவரைக் கோபக்காரராக்கும் என்ற அச்சத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீவிர இசையைக் கேட்டுப் பழகிய 39 பேரை முதலில் கோபமூட்டும் நினைவுகளைப் பேசவைத்து, பிறகு ஒரு பாதியினரைத் தாங்கள் விரும்பும் இசையைக் கேட்கவிட்டார்கள். மறு பாதியினரை அமைதியில் உட்காரவைத்தார்கள். 2015-இல் வெளிவந்த முடிவின்படி, இசை கேட்டவர்களின் கோபம் மேலும் ஏறவில்லை. பகையுணர்வும் எரிச்சலும் தணிந்தன, ஊக்கம் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஷிஃப்டு முடிந்து மெட்டல் கேட்டுக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பும் இளைஞனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டாம் என்று சொல்ல அது போதும்.

மெட்டல் வெளிநாட்டார் சொத்து என்ற எண்ணமும் காலாவதியானது. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா, கதிர் என்ற பேஸ் கலைஞரும் பாடகருமானவரின் தலைமையில் டெத் மெட்டலையும் வேதாந்தத்தையும் இணைத்தது. தங்கள் பாணிக்கு வேதிக் மெட்டல் என்று அவர்களே பெயரிட்டார்கள். 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த 'பிரம்மவித்யா' வரிசையின் மூன்று இசைத்தட்டுகளும் அத்வைதத்தைப் பொருளாகக் கொண்டவை. ஆதிசங்கரர் பிறந்த ஊராகப் போற்றப்படும் காலடி, கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். அவருடைய தத்துவத்தைக் கடல்கடந்து உறுமல் குரலில் பாடும் ஒரு பேண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது என்பது இங்கே பரவலாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. கொழும்பில் ஸ்டிக்மாட்டா, பெங்களூரில் 1998 முதல் கிரிப்டோஸ், மும்பையில் டெமானிக் ரிசரெக்ஷன், டெல்லியில் டோலக்கின் பெரியண்ணனான டோலை மெட்டலோடு சேர்த்து உலகை வலம்வரும் பிளட்டிவுட் என்று வரிசை நீள்கிறது. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டனும், 2011 அக்டோபர் 30 அன்று அங்கேயே மெட்டாலிக்காவும் வாசித்தார்கள். 2009-இல் ஸ்வீடனின் ஓபெத் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழா மேடைக்கு வந்தது.

கேரளத்தின் பங்கு இதில் சிறியதல்ல. 1996 முதல் கொச்சியில் இயங்கிய மதர்ஜேன் மெட்டலுக்கு அண்டைவீட்டு இசையான புரோக்ரஸிவ் ராக் வாசித்தது. அதன் கிட்டார் கலைஞராக இருந்த பைஜு தர்மஜன் கமகத்தை மின்கிட்டாரின் தந்தியில் இழுத்துக் காட்டியவர். 2008-இல் வந்த 'மக்தூப்' இசைத்தட்டில் அந்தக் கையைக் கேட்கலாம். திருவனந்தபுரத்தின் கேயாஸ் கலப்படமில்லாத த்ராஷ். 2009-இல் கண்ணூரில் தொடங்கிய தி டவுன் ட்ரோடன்ஸ், த்ராஷின் அடியோடு வடமலபாரின் தெய்யத்தைச் சேர்த்தது. அதன் பெயரே மிதிக்கப்பட்டவர்களைக் குறிக்கிறது. 2014-இல் அவர்கள் இசைத்தட்டு வந்தபோது இந்திய மெட்டலில் நாட்டார் மரபை அலங்காரமாக ஒட்டாமல் பொருளோடு கையாண்ட சில பதிவுகளில் ஒன்றாக அது அமைந்தது. அந்தப் பேண்டின் கீபோர்டு கலைஞர் சுஷின் ஷ்யாம். 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தைத் திரையரங்கில் பார்த்துச் சிலிர்த்த தமிழ் ரசிகர்கள், இந்த மெட்டல் கலைஞரின் பின்னணி இசையைக் கேட்டுத்தான் சிலிர்த்தார்கள்.

இத்தனை இருந்தும், இவர்களைக் கேட்கப் பாலக்காட்டு ரசிகர் கொச்சிக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டியிருக்கிறது. உள்ளூர் விழாக்களில் கானமேளாவுக்கு ஓரிரவு உண்டு, மிமிக்ரிக்கு ஓரிரவு உண்டு. மெட்டலுக்கு இடம் கேட்டால் கூட்டம் வராது என்பார்கள், அல்லது கூட்டம் வந்தால் தகராறு வரும் என்பார்கள். வட ஜெர்மனியில் வாக்கன் என்ற கிராமம் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2,000. 1990-இல் சில நூறு பேரோடு அங்கே தொடங்கிய மெட்டல் விழாவுக்கு இன்று ஆண்டுதோறும் சுமார் 85,000 பேர் வருகிறார்கள். மழை பெய்து வயல் சேறானாலும் வருகிறார்கள். விவசாயிகள் தங்கள் நிலங்களைத் தருகிறார்கள், ஊரார் கடை போடுகிறார்கள். அந்தக் கிராமத்துத் தீயணைப்புப் படையின் ஊதுகுழல் வாத்தியக் குழுவும் விழா மேடையில் வாசிக்கிறது. மெட்டல் ரசிகர்கள் அவர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்.

கஞ்சிக்கோட்டுக்கு வாக்கன் ஆகும் ஆசை தேவையில்லை. ஒரு மாலை போதும். முதலில் ஊர்ச் செண்டைக் கலைஞர்கள் ஒரு மணி நேரம், அடுத்து கேரளத்து மெட்டல் பேண்டு ஒன்று ஒரு மணி நேரம். ஒலி அமைப்பில் மட்டும் கவனம் வேண்டும். பொதுக்கூட்டத்துக்குக் கட்டும் ஒலிபெருக்கியில் பேஸும் டிரம்ஸும் ஒன்றோடொன்று குழம்பி, மெட்டல் அதன் எதிரிகள் சொல்வதைப் போலவே இரைச்சலாகிவிடும். பேண்டு தன்னோடு அழைத்துவரும் ஒலிப் பொறியாளரின் சொல்லைக் கேட்டால் ஒவ்வொரு அடியும் தனித்தனியே விழும். ஆலையில் காதடைப்பான் அணிந்து பழகியவர்கள் அதையே மேடைக்கு அருகில் நிற்கும்போதும் அணியலாம்.

தனியே கேட்டுப் பழக விரும்புகிறவர், பிளாக் சபாத்தின் இரண்டாவது இசைத்தட்டான 'பாரனாய்ட்', அயர்ன் மெய்டனின் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்', 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்', 'சிம்பாலிக்' என்று இந்த வரிசையில் போகலாம். நாற்பது நிமிடத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், முதலில் டிரம்ஸை மட்டும், மறுமுறை ரிஃபை மட்டும், மூன்றாவது முறை குரலைக் கேட்பது நல்ல முறை.

2025 ஜூலை 5 அன்று, பிளாக் சபாத்தின் நால்வரும் ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் கடைசி முறையாக ஒன்றுகூடினார்கள். பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயால் நிற்க முடியாத ஆஸ்போர்ன் நாற்காலியில் அமர்ந்தபடி பாடினார். அடுத்த தலைமுறைகளின் மெட்டாலிக்காவும் ஸ்லேயரும் அன்று அவருக்கு முன்னால் வாசித்துவிட்டுப் போனார்கள். நிகழ்ச்சியின் வருமானம் பார்க்கின்சன் நோய் ஆய்வுக்கும், பர்மிங்காமின் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான நோய்த்தணிப்பு இல்லத்துக்கும் அறிவிக்கப்பட்டது. 17 நாள்கள் கழித்து, ஜூலை 22 அன்று, ஆஸ்போர்ன் 76-ஆம் வயதில் இறந்தார்.